பலகையை வாய்விட்டுப் படிக்கும் வகுப்பறை

மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்வி குறித்துக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கில் சட்டம், உதவித்தொகை, கருவிகள் எனப் பலவும் பேசப்படவுள்ளன. இத்தலைமை உரையின் அக்கறை, ஆசிரியர் பாடம் நடத்தும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

பார்வையற்ற மாணவி ஒருவர் கணக்கு வகுப்பில் இருக்கிறார். ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே, "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்கிறார். வகுப்பு தலையாட்டுகிறது, மாணவிக்கு ஓர் எண்கூடப் போய்ச் சேரவில்லை. "மூன்று எக்ஸையும் ஐந்து எக்ஸையும் கூட்டினால் எட்டு எக்ஸ்" என்று சொல்லியிருந்தால் அவரும் கணக்கைப் போட்டிருப்பார். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்கோ, ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசியதெல்லாம் வீண். எழுதி முடித்தபின் வகுப்பைப் பார்த்துப் பேச வேண்டும்.

இதற்குக் காசு தேவையில்லை.

பார்வையுள்ளவர்களின் வசதிக்கே பாடம் நடத்தும் வழக்கம் பழையது. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சாதாரண எழுத்துகளையே தாளில் புடைப்பாக அச்சிட்டுத் தடவிப் படிக்கச் செய்தார்கள். கண்ணுக்குப் பழகிய அந்த வடிவங்கள் விரலுக்கு எளிதில் பிடிபடவில்லை. அங்கே படித்த லூயி பிரெய்ல் 1824இல், தம் 15ஆம் வயதில், ஆறு புள்ளி முறையை உருவாக்கினார். ஓர் எழுத்து முழுதும் ஒரு விரல்நுனியில் அடங்கியது. அந்தப் பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854இல்தான். பிரெய்ல் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் முறை 1951இல் வந்தது.

இன்று சட்டம் முன்னே போயிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இட ஒதுக்கீடும் உண்டு. எழுதும்போது விரல்கள் பிடித்துக்கொள்ளும் தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காட்டு அளவுகோலைக் காட்டி அவர் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் தந்துவிட்டால் கடமை முடிந்ததாகப் பள்ளிகள் நினைக்கக் கூடாது. விடையைக் கோவையாகச் சொல்வது, சொன்னதைத் திரும்பப் படிக்கச் சொல்லித் திருத்துவது, நேரத்தைப் பங்கிடுவது எல்லாம் பழகி வர வேண்டியவை. முன்பின் தெரியாத ஒருவரிடம் தேர்வறையில் முதன்முறையாக விடை சொல்லும் பிள்ளை, தெரிந்ததையும் தவறவிடும்.

உரிய உதவி கிடைத்தால் என்ன முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: சென்னையின் பெனோ ஜெஃபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மையுடன் அப்பணிக்கு வந்த முதல் நபர் அவர். பெற்றோர் அவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். திரையில் உள்ளதைக் கணினி குரலில் படித்துக் காட்டியது. பாடம் உரிய வடிவில் கைக்கு வந்து சேர்வதே ஒரு மாணவருக்கு நாம் தரக்கூடிய முதல் ஊக்கம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதத்தில் வகுப்பில் நடக்கும் முதல் தேர்விலிருந்தே இம்மாணவர்களைச் சொல்வதை எழுதுபவருடன் பழக்குங்கள். பலகையில் எழுதுவது ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்.