கோள்களை அறிவோம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றுவர நம் தோட்டத்துக் குடும்பங்கள் பல ஆயத்தமாகி வருகின்றன. சிராங்கூன் சாலைக் கோவில்களில் வழிபட்டு, துணிமணி வாங்கி, உற்றார் உறவினரைக் கண்டு திரும்புவது நம் வழக்கம். இம்முறை அதே நகரில் இன்னோர் இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டி வாருங்கள் என்று சொல்லவே இவ்வுரை. அங்கே காணப்போகும் பொருளைப் பற்றி முன்னதாகவே சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். அப்பொருள் கோள்கள்.

சிராங்கூன் சாலையில் நாட்காட்டி ஒன்றை வாங்கி, ஒரு வாரத்தைப் படித்துப் பாருங்கள். ஞாயிறு, திங்கள் என்பன கதிரவனும் நிலவும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஐந்தும் வெறுங்கண்ணால் காணத்தக்க ஐந்து கோள்கள். தொலைநோக்கி தோன்றுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இவ்வைந்தையும் விண்மீன்களினின்றும் பிரித்தறிந்திருந்தனர். பின்னர் 1781இல் யுரேனசும், 1846இல் நெப்டியூனும் கண்டறியப்பட்டன. நாம் வாழும் பூமியையும் சேர்த்துக் கதிரவனைச் சுற்றிவரும் கோள்கள் எட்டு.

நாள்தோறும் நம் நாவில் வழங்கும் பெயர்கள் இவை. ஆயினும் இவற்றைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு எழுவது அச்சமே. பெண்ணின் சாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று சொல்லிவிட்டால் பெற்றோர் கலங்குகின்றனர். வந்த வரன் திரும்பிச் செல்கிறது. வீட்டில் ஒருவருக்கு ஏழரைச் சனி என்றால் சம்பளப் பணத்தில் ஒரு பகுதி பரிகாரத்திற்குப் போகிறது. சில வேளைகளில் அதற்குக் கடனும் வாங்கப்படுகிறது. எவருடைய வழிபாட்டையும் குறைகூற நாம் வரவில்லை. வழிபாடு அவரவர் உரிமை. ஆனால் வானில் ஒளிரும் அப்பொருள் யாது என்று அறியாமலே அதற்கு அஞ்சிக்கொண்டிருப்பது முறையாகுமா? முதலில் அறிவோம், பிறகு அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

செவ்வாயும் சனியும்

செவ்வாய் பூமியின் குறுக்களவில் ஏறக்குறையப் பாதியே உடைய சிறிய கோள். அதன் செந்நிறத்திற்குக் காரணம் அதன் மண்ணில் உள்ள இரும்புத் துரு. மழையில் நனையவிட்ட உளியில் படிகின்றதே, அத்தகைய துருதான். குளிர்ந்து வறண்ட அந்நிலத்தில் ஒரு காலத்தில் நீர் ஓடியதற்கான தடங்களை விஞ்ஞானிகள் கண்டுள்ளனர்.

இந்தியா செவ்வாயை நோக்கி அனுப்பிய மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பர் 5ஆம் நாள் புறப்பட்டது. அந்நாள் செவ்வாய்க்கிழமை. நல்ல காரியங்களைத் தொடங்க நம்மவர் தயங்கும் கிழமை அது. அக்கலமோ 2014 செப்டம்பர் 24ஆம் நாள் முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. சில மாதங்களே உழைக்கும் என எண்ணி அனுப்பப்பட்டது 2022ஆம் ஆண்டு வரையில் உழைத்தது. அத்திட்டத்தின் இயக்குநர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன்.

இனிச் சனியைப் பார்ப்போம். கதிரவனை ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. வான வட்டத்தை நம் முன்னோர் பன்னிரண்டு இராசிகளாகப் பிரித்தனர். ஆகவே ஓர் இராசியைக் கடக்கச் சனிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று இராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு. ஏழரைச் சனி என்பதில் உள்ள ஏழரை இக்கணக்கே. தொலைநோக்கி இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாக வானை நோக்கிக் குறித்துவைத்துப் பெற்ற கணக்கு அது. முன்னோரின் அந்தப் பொறுமையை நாம் போற்ற வேண்டும். அவர்கள் விட்டுச்சென்ற கணக்கை மறந்து அச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டோமானால், இழப்பு நமக்கே.

சனியைச் சுற்றியுள்ள வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளால் ஆனவை. சிறிய தொலைநோக்கியிலேயே அவ்வளையம் தெரியும். அதனைத் தம் கண்ணாலேயே கண்ட பிள்ளைக்குச் சனி என்னும் சொல் பிறகு ஏச்சுச் சொல்லாகத் தோன்றாது.

இராகுவும் கேதுவும்

நவக்கிரகங்களுள் இராகு, கேது என்னும் இரண்டும் வானில் தனிப்பொருள்களாக இல்லை. கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதையை நிலவின் பாதை வெட்டும் இரண்டு இடங்கள் அவை. அவ்விடங்களை ஒட்டி நிலவும் கதிரவனும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது சூரிய கிரகணம் நிகழ்கிறது.

2019 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த வளையக் கிரகணம் இதற்கு நல்ல சான்று. அன்று நிலவு தொலைவில் இருந்தமையால் கதிரவனை முழுவதும் மறைக்கவில்லை. நெருப்பு வளையம்போல் விளிம்பு மட்டும் ஒளிர்ந்தது. அந்நிழல் தமிழகத்தின் கோவை, திண்டுக்கல் பகுதிகளைக் கடந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, கடலைத் தாண்டிச் சுமத்திராவின் வழியே சிங்கப்பூரை அடைந்தது. பிற்பகல் 1.20 மணி கடந்து சிறிது நேரத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் அங்கே முழு வளையம் தெரிந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று கண்டனர். எந்த ஊரில் எந்த நிமிடத்தில் தெரியும் என்பது பல்லாண்டுகளுக்கு முன்னரே கணக்கிடப்பட்டிருந்தது. காலமறிந்து வரும் விருந்தினருக்கு எவரேனும் அஞ்சுவரோ? வெறுங்கண்ணால் கதிரவனைப் பார்த்தலாகாது என்பது ஒன்றே அன்று நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கை.

பல கண்கள் கண்ட உண்மை

கோள்களைப் பற்றிய அறிவு தனியொருவர் தேடித் தந்த செல்வமன்று. இதனைத் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றால் விளக்கலாம்.

வாணியம்பாடிக்கு அப்பால் சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு வானாய்வகம் உண்டு. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துச் செல்லும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தனர். காவலூரில் பட்டாச்சாரியா, குப்புசாமி ஆகிய இருவரும் தொலைநோக்கியோடு காத்திருந்தனர். கோள் நெருங்குமுன்னரே அவ்விண்மீனின் ஒளி ஒரு கணம் குன்றி மீண்டது. யுரேனசுக்குப் புதியதொரு துணைக்கோள் இருக்கலாம் என்று அவர்கள் எண்ணி, அவ்வாறே எழுதியும் வெளியிட்டனர்.

அதே வேளையில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த விமானம் ஒன்றிலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகளும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேறு சிலரும் அதே விண்மீனை நோக்கிக்கொண்டிருந்தனர். விமானத்தில் இருந்தோர், கோள் மறைக்குமுன் ஐந்து முறையும் மறைத்தபின் ஐந்து முறையும் ஒளி குன்றியதைக் குறித்திருந்தனர். முன்னும் பின்னும் ஒரே ஒழுங்கில் குன்ற வேண்டுமாயின் கோளைச் சுற்றி வளையங்கள் இருந்தாக வேண்டும். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. இன்று அறியப்பட்ட வளையங்கள் பதின்மூன்று.

காவலூரில் கண்டது பொய்யன்று. அது உண்மையின் ஒரு பகுதி. பலர் கண்டதை ஒருங்கே வைத்துப் பார்த்தபோதுதான் முழுமை தெரிந்தது. தோட்டத்தில் எத்தனையோ பேருடைய வாளிகள் சேர்ந்துதானே பால்தொட்டி நிறைகின்றது? விண்வெளி ஆராய்ச்சியும் அத்தகையதே. நாடு, மொழி, இனம் பாராது கண்டதைப் பகிர்ந்துகொள்வதும், மேலும் தெளிவான சான்று வந்தால் முன்னர்ச் சொன்னதைத் திருத்திக்கொள்வதும் அவ்வுலகின் ஒழுக்கம்.

நமக்கு இதனால் என்ன பயன்?

பால்மரம் வெட்டுபவனுக்குக் கோள் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நம் தொழிலின் வரலாற்றையே விடையாகத் தருவோம். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்திற்கு இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பல சோதனைகளால் வகுத்தார். ரப்பர் விதையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் பேசித் திரிந்த அவரைப் பித்தர் என்றே அன்று பலர் அழைத்தனர். அந்தப் பித்தரின் ஆர்வத்தால் வளர்ந்த தொழிலே இன்று நமக்குச் சோறிடுகின்றது. ஆராய்ச்சியின் பயன் தொடங்கும் நாளிலேயே தெரிந்துவிடுவதில்லை.

சிங்கப்பூர் இன்று விண்வெளியிலும் அடியெடுத்து வைத்துள்ளது. அங்கேயே செய்யப்பெற்ற முதல் துணைக்கோளான எக்ஸ்-சாட், தமிழகத்து எல்லைக்கு அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2011 ஏப்ரல் 20ஆம் நாள் இந்திய ராக்கெட்டில் சென்றது. 2015 டிசம்பர் 16ஆம் நாள் ஒரே ராக்கெட்டில் சிங்கப்பூரின் ஆறு துணைக்கோள்கள் சென்றன. 2023 ஜூலை 14ஆம் நாள் அதே தளத்திலிருந்து சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டது. பதினாறே நாள் கழித்து, மேகத்தையும் இரவையும் ஊடுருவி நிலத்தைப் படம்பிடிக்கவல்ல சிங்கப்பூர்த் துணைக்கோள் ஒன்றும் அங்கிருந்து ஏறிற்று.

சந்திரயான்-3 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகில் இறங்கியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இரயில்வே தொழில்நுட்ப ஊழியர் ஒருவரின் மகன். இரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, படிப்படியாக உயர்ந்து முனைவரானவர். கதிரவனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகார் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் பயின்றவர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கதவு அடைக்கப்பட்டதன்று. பிள்ளையின் சாதகத்தில் சனி எங்கே இருக்கிறது என்று கேட்கும் தந்தை, அவனுடைய கணக்குப் பாடத்தில் மதிப்பெண் எவ்வளவு என்றும் கேட்கட்டும்.

செய்ய வேண்டுவன

சிங்கப்பூர் செல்வோர் ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத்திற்குச் சென்று வாருங்கள். 1977 முதல் மக்களுக்குப் பயன்பட்டுவரும் நிலையம் அது. அதன் வானாய்வகத்தில் 40 செண்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்று அமைக்கப்பட்டது. மேகம் விலகிய வெள்ளிக்கிழமை இரவுகளில் அலுவலர், மாணவர், பாட்டியர், பேரர் என எல்லாரும் வரிசையில் நின்று அதன் வழியே வானைக் கண்டு வந்துள்ளனர். செல்லுமுன் அவ்வாரத்து நிகழ்ச்சி உண்டா என்று கேட்டறிந்து செல்லுங்கள்.

செல்ல இயலாதோர் வருந்த வேண்டா. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரவு வானம் செயற்கை ஒளியால் மிகுதியும் மூடப்பட்ட நாடு சிங்கப்பூரே எனக் காட்டியது. நம் தோட்டத்து வானமோ அதனினும் இருண்டது. ஆகவே காண்பதற்கு எளிது. மேலும், நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு வடவானமும் தென்வானமும் ஒருங்கே தெரிகின்றன. கோள்கள் நம் தலைக்கு மேலாகவே செல்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, நகரத்தார் உறங்கும் வேளையில் நாம் விழித்திருக்கிறோம். பெரட்டுக்குச் செல்லும் விடியற்காலையில் கீழ்வானில் சில திங்கள் ஒளிரும் விடிவெள்ளியை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? அது வெள்ளிக் கோள். ஏனைய திங்களில் அதுவே மாலையில் மேல்வானில் தோன்றும்.

விண்மீன் மினுக்கும், உயர்ந்து நிற்கும் கோள் பெரும்பாலும் மினுக்காது. வியாழன் தெரியும் காலத்தில் ஓர் இருகண் நோக்கியை அசையாமல் மரத்தில் சார்த்திப் பாருங்கள். அருகே ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்கள் அவை. நான்கு இரவுகள் தொடர்ந்து பார்த்து, புள்ளிகளின் இடத்தைப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் வரையட்டும். அவை இடம் மாறுவதைத் தாமே கண்டுகொள்வார்கள். பின்னர்த் தோட்ட மன்றத்தில் எல்லாரும் கூடி, வரைந்தவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். காவலூரிலும் பெர்த்திலும் விஞ்ஞானிகள் செய்தது இதுவே.