விருப்பமும் தொழிலும்



நம் பிள்ளைகளுக்குத் தொழில் தேடுங்கால் வருவாயை வினவுகின்றோம்; அவர்தம் விருப்பத்தை வினவுவார் அரியர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மனோதத்துவ ஆசிரியர் எட்வர்டு ஸ்டிராங் என்பார், 1927-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு வினாத்தாள் வெளியிட்டார். தொழில்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள் முதலியவற்றை நிரல்படுத்தி, விருப்பமா, வெறுப்பா, இரண்டுமின்மையா எனக் கேட்டு, அவ்விடைகளை அவ்வத் தொழிலில் நிலைபெற்றார் விடைகளோடு ஒப்புநோக்குவதே அவர் முறை. கல்லூரி மாணவர் சிலரை 18 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, அவர் விருப்பங்கள் பெரும்பாலும் மாறாமை கண்டு, 1955-இல் நூலாகவும் வெளியிட்டார்.

எனினும், இம்முறை விருப்பத்தைக் காட்டுமேயன்றித் திறமையைக் காட்டாது. மற்றொன்றும் கருதற்பாலது. 1933 முதல் பெண்டிர்க்கு வேறொரு தாள் வழங்கிற்று. அவர் மிகுதியாகப் புகாத தொழில்கள் பல அதில் இடம்பெறவில்லை. 1974-இலேதான் இரு தாள்களும் ஒன்றாக்கப்பெற்றன. உலகம் அடைத்த வாயிலை அளவுகோலும் அடைத்தே காட்டிற்று!

ஆதலின் பெற்றோர்களே, குலத்தொழில் என்றோ பெண்பிள்ளை என்றோ கூறி வழியை மறியாதீர். முதற்கண் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். பின்னர் அதனைச் செய்து பார்க்க இடமளித்துத் திறமையை அறியுங்கள். வினாத்தாள் துணையாகுக, தீர்ப்பாகற்க.