பெங்காலி ஒன்று, பெங்காலி இரண்டு



இந்தக் கூட்டத்தில் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இனவெறியும் நாமும்'. நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "என்ன டீச்சரே, தென்னாப்பிரிக்காவைப் பத்திப் பேசப்போறீங்களா?" தலைப்பில் 'நாமும்' என்று இருப்பது அவர் கண்ணில் படவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இனவெறி என்ற வார்த்தையைக் கேட்டாலே நம் மனது கப்பலேறிவிடுகிறது. நான் இன்றைக்கு அதிக தூரம் போவதாக இல்லை. மூணாறு, வட்டவடை, அட்டப்பாடி, கடைசியில் நம் கொழிஞ்சாம்பாறை. நடுவில் ஒரே ஒரு தடவை டர்பன் போய்வருவோம். பயப்படாதீர்கள், டீ ஆறுவதற்குள் திரும்பிவிடலாம்.

நான் பிறந்தது மூணாறு பக்கம், ஒரு எஸ்டேட் லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர். எடை போடும் இடத்தில் கொழுந்துச் சாக்கை இறக்கி வைக்கும்போது அம்மாவின் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். நூற்று நாற்பத்தேழு. நான் சிலேட்டில் எழுதிக் காட்டிய முதல் பெரிய எண் அதுதான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் 147 என்று எங்கே எழுதியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

கல்லூரிக்காக மலையிறங்கினேன். ஹாஸ்டலில் முதல் வாரமே எனக்குப் பெயர் சூட்டு விழா நடந்துவிட்டது. பாண்டி. தமிழர்களைக் கேலியாகக் கூப்பிடும் பெயர். தலைக்கு எண்ணெய் வைத்தால் பாண்டி, சத்தமாகச் சிரித்தால் பாண்டி, மலையாளத்தில் ஒரு சொல் தடுமாறினால் பாண்டி. இந்தச் சபையில் அந்தச் சொல்லை வாங்கிக்கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. நான் அழுதுகொண்டு நிற்கவில்லை, பதில் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பாண்டி இல்லை. இடுக்கிக்காரி. எங்க தாத்தா காலத்திலிருந்தே நாங்க கேரளாதான்."

அன்றைக்கு அது பெரிய வீரமாகப் பட்டது. அதற்குள் இருந்த அழுக்கு எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று. ஒருத்தரைப் பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிடுவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. "போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வருகிறாளே, அவளைச் சொல்லிக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது டர்பன் போவோம். 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட கதை நம் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதற்கடுத்த கதையை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. டர்பன் தபால் ஆபீஸுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு. இன்னொன்றில் ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும். ஆப்பிரிக்கர்களோடு ஒரே வாசலில் நுழைவது எங்களுக்கு இழிவாக இருக்கிறது என்று இந்தியர் தரப்பில் எழுதிப்போட்டார்கள். எழுதியவர்களில் காந்தியும் ஒருவர். பலன் கிடைத்தது. மூன்றாவதாக ஒரு வாசல் வந்தது.

ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட மனிதரே தனக்கென்று தனி வாசல் கேட்டார். அந்தக் காலத்தில் அவர் ஆப்பிரிக்கர்களைப் பற்றி எழுதியவற்றைக் காரணம் காட்டித்தான் 2018 டிசம்பரில் கானா பல்கலைக்கழகத்திலிருந்து அவர் சிலையை எடுத்தார்கள். காந்தி பின்னால் மாறினார், வெகுதூரம் மாறினார். அதை மறுக்கவில்லை. ஆனால் அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி தானாகப் புரிந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அது பொய். அடிபட்டவன் முதலில் தேடுவது மூன்றாவது வாசலைத்தான். ஹாஸ்டலில் நான் கேட்டதும் அதுதான்.

நாம் பட்ட அடி பொய்யில்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சண்டை மூண்டபோது, தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வந்த கூலிப் பெண்களை அடித்து விரட்டினார்கள். அணைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று குரல் கொடுத்த தோட்டப் பெண்கள் அப்போது வாங்கிய நாள் கூலி 232 ரூபாய். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின, கிட்டத்தட்ட எல்லாரும் நம் தோட்டத்துத் தமிழர்கள். நாடே நமக்காக அழ வேண்டும் என்று கேட்டோம். நியாயமான கோரிக்கை.

அடுத்த மாதம், அதே 2020 செப்டம்பர், அதே தேவிகுளம் தாலுகா. வட்டவடையில் என்ன நடந்தது? கோவிலூரில் ஊராட்சியே ஒரு முடிதிருத்தும் கடை திறந்தது. திறந்துவைத்தவர் அப்போதைய எம்.எல்.ஏ. எஸ்.ராஜேந்திரன். முடிவெட்டும் கடைக்கு எம்.எல்.ஏ. எதற்கு? ஊரில் இருந்த கடைகளில் சக்கிலியர் தலைக்குக் கத்தரிக்கோல் வைக்க மாட்டார்கள். ஒருத்தர் தலையை ஒருத்தர் வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி மூணாறு போக வேண்டும். பாகுபாடு காட்டிய கடைகளை ஊராட்சி மூடவைத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைத் திறந்தது. வட்டவடையில் மலையாளியா வந்து இந்தப் பாகுபாட்டைக் காட்டினான்? வெட்ட மறுத்தவரும் தமிழ் பேசுகிறவர், தலை நீட்டியவரும் தமிழ் பேசுகிறவர்.

நம் பக்கம் சுத்தம் என்று யாரும் துண்டை உதற வேண்டாம். முதலமடை ஊராட்சி கோவிந்தாபுரத்தில் அம்பேத்கர் காலனி மக்கள் 2017இல் தண்ணீர்க் குழாயிலும் டீக்கடையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று சொன்னது இங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான். சாதி வேறு, இனம் வேறு என்று படித்தவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். பிரித்துக்கொள்ளட்டும். பிறந்த இடத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிற தராசு ஒன்றுதான்.

இனி அட்டப்பாடி. 1951 கணக்கெடுப்பில் அங்கே பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இருளர், முடுகர், குறும்பர். இன்று அவர்கள் தங்கள் மலையிலேயே பாதிக்கும் குறைவு. குடியேறியவர்களில் மலையாளிகளும் உண்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து போன நம் ஆட்களும் உண்டு. 2018 பிப்ரவரி 22. மது என்ற ஆதிவாசி இளைஞரைக் காட்டுக்குள் தேடிப் பிடித்து, அரிசி திருடினான் என்று சொல்லி அடித்து, முக்காலி என்ற ஊருக்கு நடத்திக் கூட்டிவந்தார்கள். அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒருவன் செல்ஃபி எடுத்தான். அந்தப் படத்தை நாம் எல்லாருமே பார்த்தோம். போலீஸ் ஜீப்பில் ஏற்றிய சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது. பல சாட்சிகள் பின்வாங்கிய பிறகும் அவருடைய அம்மாவும் சகோதரியும் பின்வாங்கவில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல்.

அந்த 14 பேரும் கொம்பு முளைத்தவர்கள் இல்லை. டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி ஆட்கள்தான். காட்டுக்குள் போகும்போதே அவர்கள் கையில் தீர்ப்பு இருந்தது. 'அவனுக அப்படித்தான்' என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அந்த இரண்டு வார்த்தைகள் என் வாயிலிருந்தும் வந்திருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

மூன்று வருஷம் முன்னால் இங்கே கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்பில் தென்னைக்கு வட்டம் எடுக்கவும் வரப்பு வைக்கவும் வடக்கேயிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஊரில் ஆள் கிடைக்காத நிலைமை உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாள் வேலை. சம்பளக் கணக்கு நான்தான் எழுதுவேன், டீச்சர் அல்லவா, கோடு போட்டு, கட்டம் கட்டி. பத்தாம் நாள் சாயங்காலம் நோட்டைத் திண்ணையில் விரித்து வைத்துப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களில் இளைய பையன் குனிந்து நோட்டைப் பார்த்தான். தமிழ் தெரியாது. "இதில் என் பேர் எது டீச்சரே?" என்று மலையாளத்தில் கேட்டான்.

நோட்டில் என்ன இருந்தது தெரியுமா? பெங்காலி 1, ஒன்பது நாள். பெங்காலி 2, எட்டரை நாள். பெங்காலி 3, ஒன்பது நாள். இப்படி ஐந்து வரை.

நான் வாசித்துக் காட்டினேன். வேறென்ன செய்ய? பையன் சிரித்தான். "நான் பெங்காலி இல்லை டீச்சரே. ஜார்க்கண்ட்." நான் பாண்டி இல்லை, இடுக்கிக்காரி என்று சொன்ன அதே குரல். எனக்குக் கை ஓடவில்லை. நூற்று நாற்பத்தேழின் மகள் நான். அம்மாவுக்காவது மூன்று இலக்கம் கிடைத்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து மற்றக் கணக்கையும் பார்த்தேன். அந்த ஒன்பது நாளும் நான் பின்கதவைத் தாழ் போட்டிருந்தேன். ஊர் ஆட்கள் வேலைக்கு வந்தால் அந்தக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது என் கை தானாகப் போய் எடுத்தது துவைகல் பக்கம் கவிழ்த்து வைத்திருந்த பழைய சொம்பை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யோசிக்கவும் இல்லை. கை தானாகப் போயிற்று. அது எனக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக வகுப்பில் 'எல்லாரும் சமம்' என்று போர்டில் எழுதிய கைதான் அது.

"சரி டீச்சர், அது நம்மை விட்டுப் போக என்ன வழி?" என்று கேட்பீர்கள். ஒரே நாளில் போகாது. எனக்கும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கதவைத் தாழிடும்போது, சொம்பை எடுக்கும்போது, 'ஏய்' என்று கூப்பிட வாய் திறக்கும்போது: இதையே நம்ம ஊர் ஆளுக்குச் செய்வேனா? 'மாட்டேன்' என்று பதில் வந்தால் கையை நிறுத்து. மனது திருந்தட்டும் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது. கையைத் திருத்தினால் மனது பின்னாலேயே வரும்.

நம் பாலக்காட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த டி.ஆர்.கிருஷ்ணசுவாமி ஐயர் 1923இல் தொடங்கியது அகத்தேத்தறை சபரி ஆசிரமம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையில், ஒரே பந்தியில். அதற்காகச் சொந்த ஜனங்களே அவரை ஒதுக்கினார்கள். அந்த ஆசிரமத்துக்குக் காந்தியும் வந்தார். டர்பனில் மூன்றாவது வாசல் கேட்ட அதே மனிதர், தனிப் பந்தியே இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் மாற முடிந்தது என்றால் நாமும் மாறலாம்.

2024 ஜூனில் அமைச்சர் பதவியை விட்டு ஆலத்தூர் எம்.பி.யாகப் போகும் நாளில் கே.ராதாகிருஷ்ணன் ஓர் உத்தரவு போட்டார். பட்டியல் மக்கள் வாழும் இடங்களை இனி 'காலனி' என்று எழுதக் கூடாது என்று. கேட்கிறவர்களுக்குக் கூசுகிற சொல், ஆகையால் வேண்டாம் என்றார். அரசாங்கப் பலகையில் எழுத்தை மாற்றிவிடலாம். நம் வாயிலிருக்கும் பலகையை நாம்தான் மாற்ற வேண்டும்.

அந்த ஐந்து பேர் அடுத்த வருஷமும் வந்தார்கள். புது நோட்டுப் போட்டேன். பேரைக் கேட்டு எழுதி வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இளையவன் பேனாவை வாங்கி, என் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் அவன் எழுத்தில் அவன் பேரை எழுதினான். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. பழைய நோட்டும் இருக்கிறது, கிழிக்கவில்லை. எனக்குத் திமிர் ஏறும்போது எடுத்துப் பார்ப்பதற்கு.

கடைசியாக ஒன்று. இந்தக் கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு பையன் இரண்டு தடவை டீ கொண்டுவந்தான். மேடைக்கும் கொடுத்தான், உங்களுக்கும் கொடுத்தான். வடக்கேயிருந்து வந்த பையன். அவன் பேர் என்ன? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

யாரும் தூக்கவில்லை. எனக்கும் தெரியாது. இத்தனையும் பேசிவிட்டு நானும் கேட்கவில்லை. இப்போது இறங்கிப்போய்க் கேட்கப்போகிறேன். நீங்களும் வாருங்கள்.