தழும்பும் ஈரலும்

கத்தி பட்ட விரல் சில நாட்களில் ஆறிவிடுகின்றது. ஆறிய இடத்தில் வெண்ணிறக் கோடொன்று எஞ்சுகின்றது. அத்தழும்பு தோலன்று, கிழிந்த இடத்தில் உடல் விரைந்து இட்ட ஒட்டு. அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். அதில் மயிர் முளைப்பதில்லை, வியர்வை சுரப்பதுமில்லை. எத்துணை நன்றாக ஆறினும், பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 5 இல் 4 பங்கையே அது பெறும்.

விரலில் இக்குறை பெரிதன்று. ஆனால் இதே ஒட்டுவேலை உள்ளுறுப்புகளிலும் நடைபெறுகின்றது. மாரடைப்பால் இறந்த இருதயத் தசையின் இடத்தைத் தழும்பே நிரப்புகின்றது. அது சுவர் கிழியாமற் காக்கும். தசையைப்போற் சுருங்கிக் குருதியை உந்தமாட்டாது.

எல்லாவற்றிலும் விந்தையானது ஈரலின் கதை. நலமுள்ள ஈரலின் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தாலும், சில மாதங்களில் எஞ்சியது ஏறக்குறையப் பழைய பருமனுக்கு வளர்ந்துவிடும். இத்தகைய உறுப்புக்கும் தழும்பு எமனாவது எவ்வாறு? காயம் ஓயாமையே காரணம். நாள்தோறும் அருந்தும் சாராயம், பல்லாண்டு தங்கும் ஹெப்பற்றைற்றிஸ் பீ, சீ வைரசுகள், மதுவையே தொடாதவரிடத்தும் உடற்பருமனாலும் நீரிழிவாலும் சேரும் கொழுப்பு ஆகியவை ஈரலை இடைவிடாது புண்படுத்துகின்றன.

ஜெர்மானிய அறிஞர் குப்ஃபர் 1876 இல் ஈரலினுள் நட்சத்திர வடிவக் கலங்களைக் கண்டார். அமைதிக் காலத்தில் உயிர்ச்சத்து ஏயைச் சேமித்துவைக்கும் இக்கலங்களே, ஈரல் புண்பட்டதும் நார் நூற்கத் தொடங்குகின்றன. காயம் நில்லாவிடின் நூற்பதும் நில்லாது. நார்வேலிகளிடையே ஈரற் கலங்கள் முடிச்சு முடிச்சாகச் சிறைப்படுகின்றன. குடலிலிருந்து வரும் குருதி வழியின்றித் தேங்குகின்றது. வயிற்றில் நீர் கோக்கின்றது; உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்தால் குருதி வாந்தியாகின்றது. பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819 இல், இவ்வீரலின் மஞ்சட்கபில நிறங்கண்டு, கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து சிரோசிஸ் என்னும் பெயரை இட்டார்.

ஈரலின் பொறுமையே இதிற் பொல்லாதது. பெரும்பாலும் அது வலித்து எச்சரிப்பதில்லை. ‘இத்தனை காலம் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையே’ என்று மார்தட்டுபவரின் ஈரலில் பாதி வேலி எழுந்திருக்கலாம்.

இத்தழும்பு கரையவே கரையாது என்று மருத்துவர் முன்னர் நம்பினர். அக்கருத்து இன்று மாறிவிட்டது. சீ வைரசை மருந்தால் அகற்றிய பின்னும், மதுவை அறவே விட்ட பின்னும், பலரிடத்துத் தழும்பு படிப்படியாகக் குறைந்துள்ளது. முற்றிய நிலையில் அஃது அரிது. வயிறு வீங்குமுன்னரே, குருதிச் சோதனையும், ஒலியலை கொண்டு ஈரலின் இறுக்கத்தை அளக்கும் கருவியும் தழும்பைக் காட்டிக்கொடுக்க வல்லன. பீ வைரசுக்கோ, குழந்தைப் பருவத்திலேயே இடத்தக்க தடுப்பூசி உண்டு.