முதல் காட்சியிலேயே நாயகன் செத்தால்?

1954-இல் ஏவி.எம். எடுத்து, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய படம் 'அந்த நாள்'. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. சிவாஜி கணேசனோ தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார்! ரசிகர்கள் கொதித்தார்கள், படம் விழுந்தது. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் பெற்று மறுபடி வந்தபோதுதான் வரவேற்பு கிடைத்தது.

கதை 1943-இல், சென்னை மீது ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிறது. சிவாஜி ரேடியோ இன்ஜினியர். மலிவு விலை ரேடியோ செய்யும் ஆராய்ச்சியை யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பில் ஜப்பானுக்கு உளவு சொல்கிறார். அவரைக் கொன்றது யார்? பார்க்காதவர்களுக்காக அதை விட்டுவிடுவோம். ஒரே கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வது, குரோசாவாவின் 'ரஷோமோன்' காட்டிய வழி.

சென்னைக்கு ஜப்பானியர் என்றால் ஒரு நாள் குண்டு. ஜொகூருக்கோ மூன்றரை வருஷம். 1942 ஜனவரியில் மூவாரில் சண்டை. மாதக் கடைசியில் ஜொகூர் பாலம் தகர்ந்தது. அப்புறம் மலாயாவின் தோட்டத்துத் தமிழர்களை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அப்படி ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில் இந்தப் படம் ஓடினால், பாட்டு இல்லையே என்ற குறையா முதலில் வரும்? அந்த இன்ஜினியருடைய கசப்பை எவ்வளவு தூரம் மன்னிக்கலாம் என்றுதானே பேச்சு எழும்!