கப்பியில் தொங்கும் இரண்டு கற்கள்

இயற்பியல் கணக்கு போடுவதும் ரசித்துச் செய்ய வேண்டிய ஒரு கலை என்று நம்புகிறவன் நான். பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் போடும் ஒரு கணக்கையே பார்ப்போம். உராய்வு இல்லாத, எடையே இல்லாத ஒரு கப்பி. அதன்மேல் மெல்லிய கயிறு. ஒரு முனையில் 5 கிலோ எடைக்கல், மறுமுனையில் 3 கிலோ. கையை விட்டதும் கற்களின் முடுக்கம் என்ன, கயிற்றின் இழுவிசை என்ன?

சூத்திரத்தை நெட்டுருப் போட்ட பிள்ளை சட்டென்று விடை சொல்லிவிடும். அதில் எனக்குச் சுவை இல்லை. பேனாவைத் தொடுமுன் கொஞ்சம் யோசிக்கலாமே! பெரிய கல்லின் எடை 49 நியூட்டன். கயிறும் அதே அளவு மேலே இழுத்தால் கல் இறங்கத் தொடங்கவே செய்யாது. ஆகவே இழுவிசை 49-க்குக் குறைவு. சின்னக் கல்லின் எடை 29.4. அது மேலே கிளம்ப வேண்டுமானால் கயிறு அதைவிடக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். ஒரு சமன்பாடுகூட எழுதவில்லை. விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவே என்று தெரிந்துவிட்டது. இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம் படம். இரண்டு கற்களையும் தனித்தனியே வரைந்து, அவற்றின் மீது செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போட வேண்டும். அவசரக்காரர்கள் தாண்டிப் போவது இதைத்தான். படம் சரியாக அமைந்தால் மிச்சம் வெறும் கூட்டல் கழித்தல். எடை வித்தியாசமான 19.6 நியூட்டன் மொத்தம் 8 கிலோவை நகர்த்துகிறது, முடுக்கம் 2.45 மீட்டர்/வினாடி². இழுவிசை 36.75 நியூட்டன்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட் 1784-இல் வெளியிட்ட நூலில் விவரித்த கருவி இது. தானாக விழும் பொருள் ஒரு மீட்டரைக் கடக்க அரை வினாடிகூட ஆகாது. அன்றைய கடிகாரங்களை வைத்துக்கொண்டு அதை எப்படி அளப்பது? ஒரு பக்கம் 5 கிலோ, மறுபக்கம் 4.9 கிலோ வைத்துப் பாருங்கள். அதே ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய நாலரை வினாடி ஆகும். பரீட்சைக்கென்று பிறந்த கணக்கல்ல இது. விழுவதை நிதானமாகப் பார்க்க ஒருவர் கண்ட வழி.

விடை வந்த பிறகும் கணக்கை விட்டுவிடாதீர்கள். கப்பியை ஒரு சுருள்வில் தராசில் மாட்டுங்கள். கற்களைப் பிடித்து நிறுத்துவதற்குப் பதில் கயிற்றைக் கப்பியோடு சேர்த்துக் கட்டினால், தராசு மொத்த எடையான 78.4 நியூட்டனைக் காட்டும். கட்டை அவிழ்த்தால், கற்கள் ஓடும் வரை 73.5-தான். குறைந்த 4.9 எங்கே போயிற்று? இறங்கும் 5 கிலோவையும் ஏறும் 3 கிலோவையும் 2.45 ஆல் பெருக்குங்கள்: 12.25, 7.35. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அதே 4.9 வந்து நிற்கும்.