மரத்துக்கு ஆறடி நிலம்

(பயிற்சி அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



பூங்கா, நடைபாதை, சாலையோர மரவரிசை, மழைநீர் வடிகால் போன்றவற்றை அமைக்கும் பணியை நில எழிலமைப்பு என்கிறோம். இப்பணிக்கென நாடு முழுமைக்கும் பொருந்தும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. மரம், தொழிலாளர், கட்டுமானம் பற்றிய வெவ்வேறு சட்டங்களின் ஓரங்களில் இது இடம்பெறுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970-இல் வெளிவந்தது. அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் பத்தாம் பகுதி நில எழிலமைப்பைப் பற்றிப் பேசுகிறது. எனினும் அது பரிந்துரையே. உள்ளாட்சியின் துணைவிதியோ பணி ஒப்பந்தமோ அதனை ஏற்கும்போதுதான் அது எவரையும் கட்டுப்படுத்தும். விதித்தொகுப்பின் பெயரைக் கோப்பில் குறிப்பிட்டுவிட்டாலே கடமை முடிந்தது என்று கருதுவோர் நம்மில் பலர். நானும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தேன்.

தில்லி நகரின் நிலையைப் பாருங்கள். அங்கு 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. மரம் வெட்டுதல் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் விரிவானது. எவ்வகையிலேனும் மரத்துக்குச் சேதம் விளைவிப்பதும் அதில் அடங்கும். 2000-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மரத்தைச் சுற்றி 6 அடிக்கு 6 அடி நிலத்தைச் சிமெண்டு பூசாது விடவேண்டும் என்றன. (ஆறடி நிலம் என்றால் நம் வழக்கில் வேறு பொருள் உண்டு, இங்கு அது உயிர் வாழ்வதற்கான இடம்.) சட்டமும் இருந்தது, அளவும் இருந்தது. ஆயினும் நடைபாதைகளில் கான்கிரீட் அடிமரம்வரை நெருங்கிற்று. நீரும் காற்றும் வேருக்கு எட்டாது போயின. 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட நேர்ந்தது. பொதுப்பணத்தில் போட்டதைப் பொதுப்பணத்திலேயே உடைக்க வேண்டியதாயிற்று.

இவ்வாறு நேர்ந்தது ஏன்? சில ஆண்டுகளுக்கு முன் நடைபாதைப் பணி ஒன்றின் மதிப்பீடு என் மேசைக்கு வந்தது. பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 என்ற தரம் குறிக்கப்பட்டிருந்தது. சோதனைக்கும் வழி இருந்தது. முன்னுரையில் மரங்களைக் காக்கவேண்டும் என்று ஒரு வாக்கியமும் இருந்தது. அளவுப்பட்டியலில் மட்டும் மரம் என்ற சொல்லே இல்லை. தளம் சதுர மீட்டர் கணக்கில் அளக்கப்படுகிறது, அதற்கே பணம். ஒரு மரத்துக்கு 36 சதுர அடி விட்டால் ஏறத்தாழ 3.3 சதுர மீட்டருக்கான தொகை ஒப்பந்ததாரருக்குக் குறையும். விளிம்பில் கல்லை வெட்டிப் பொருத்தும் கூலி வேறு. இந்நிலையில் அவர் என்ன செய்வார் என்பதை அறியப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. அக்கோப்பில் நான் கையொப்பமிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் ஏறிய விதியின் கதை வேறு. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு மேல்வரியாக வசூலானது. அரசுப் பணிகளில் அது பில் தொகையிலேயே பிடிக்கப்பட்டதால் பணம் வந்து சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அவ்வேற்பாடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்கீழ் வந்துள்ளது. ஆனால் தொழிலாளி பயனாளியாகப் பதிவுபெற, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இருபது நாள் பூங்காவிலும் பத்து நாள் நடைபாதையிலும் மண் சுமக்கும் பெண்ணுக்கு அந்நாட்களை எழுதித் தருபவர் யார்? அதற்குப் பட்டியலில் இடமில்லை.

ஆகவே நீங்கள் மதிப்பீடு தயாரிக்கும்போது மரக்குழி அமைத்தலைத் தனி இனமாகச் சேருங்கள். மண்ணைக் கொத்திவிடல், விளிம்புக்கல் பதித்தல் உட்பட, மரம் ஒன்றுக்கு இவ்வளவு என எண்ணிக்கையில் விலை வையுங்கள். அளவுப் புத்தகத்தில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டுப் பதியச் செய்யுங்கள். வருகைப் பதிவேட்டின் நகலை இறுதி பில்லுடன் இணைக்குமாறு ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். மதிப்பீட்டுத் தொகை சற்று உயரும். தணிக்கையாளர் காரணம் கேட்பார். 2013-க்குப் பின் கான்கிரீட்டை உடைத்த செலவை அவருக்கு நினைவூட்டலாம்.